இல்லாத விரலுக்குப் பதினாலு, இருக்கிற விரலுக்கு முப்பத்தெட்டு

சேசு மரி சூசை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
1938 அக்டோபர் 19, புதன்கிழமை

கடலுக்கு அப்பால் சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் என் உடன்பிறந்தான் பிரான்சுவாவுக்கு அக்காள் சூசைமேரி எழுதுவது. நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் திருக்குடும்பத்தின் நிழலில் நோய்நொடி அண்டாமல் இருக்கக் கடவீர்கள். இவ்விடம் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் சுகமாக இருக்கிறேன் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதிவிட்டதுதான் இப்போது எனக்கு வந்திருக்கும் கேடு. ஆகையால் அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

போன வியாழக்கிழமை அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது. பிரெஞ்சு டாக்டர் துரை ஒருவர், அவர் பெயர் என் வாயில் நிற்காது, துரை என்றே எழுதுகிறேன். அவர் பேசுவதைத் தமிழில் சொல்லவும் நாங்கள் பேசுவதைப் பிரெஞ்சில் சொல்லவும் கலியமூர்த்தி என்று ஒரு சர்க்கார் குமாஸ்தா. ஆலையின் பக்கத்திலிருந்து மேஸ்திரி சக்கரபாணி. தொழிலாளர் சங்கத்தின் பக்கத்திலிருந்து இராமதாஸ். உழவர்கரையிலிருந்து வந்து எங்கள் ஆலையில் பஞ்சுப் பேல் தூக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட அம்மாவாசை. நான். என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி, என் ஓரகத்தி மதலேன். மொத்தம் ஏழு பேர். ஆண்டவர் எங்கும் இருக்கிறார், ஆனால் அது சர்க்கார் அறை, சுவரில் சிலுவை மாட்டவில்லை, அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்த பிறகு வந்த புதுச் சட்டப்படி, வேலையில் கை கால் போனவர்களை டாக்டர் வைத்து அளந்து பார்த்து, நூற்றுக்கு இத்தனை பங்கு இவள் கெட்டுப்போனாள் என்று எழுதுகிறார்கள். இருபத்தைந்துக்கு மேல் எழுதினால் உயிரோடு இருக்கும் வரை படி வரும். கீழே எழுதினால் ஒரே ஒரு முறை கையில் எதையோ கொடுத்து, இலேசான வேலைக்குத் திரும்பிப் போ என்பார்கள். ஆலையில் இலேசான வேலை என்று ஒன்று இருந்தால் அதை மேஸ்திரியின் மைத்துனி அல்லவா செய்துகொண்டிருப்பாள். எனக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது, போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், நூல் சுற்றும் மிஷினின் பல்சக்கரத்தில். இதை உனக்கு அப்போதே எழுதினேன், நீ பதிலில் உன் மகனுக்குப் பல் முளைத்ததைப் பற்றி எழுதினாய், அதை நான் மறக்கவில்லை. நான் விரல் கொடுத்து நாலு மாதம் கழித்து மதலேனும் இடது கையை மிஷின் பட்டையில் கொடுத்தாள். எதிலும் என்னைப் பார்த்துச் செய்கிறவள். நான் நெளி வளையல் போட்டால் அவளும் நெளி வளையல் போடுவாள், என் மகனுக்கு அலெக்சாண்டர் என்று பேர் வைக்கப் போகிறேன் என்று அவளிடம் வாய்தவறிச் சொன்னதற்கு, எனக்கு முன்னால் பெற்றுத் தன் மகனுக்கு அந்தப் பேரை வைத்தாள், அதனால் எங்கள் வீட்டில் இரண்டு அலெக்சாண்டர், ஒருவனைக் கூப்பிட்டால் இருவரும் சாப்பிட வருவார்கள். எனக்கு விரல் போனதும் அவளுக்கும் விரலில் ஏதாவது ஆக வேண்டும் அல்லவா. ஆனால் ஒன்றைக் கவனி, அவளுக்கு விரல் போகவில்லை. ஐந்தும் இருக்கின்றன. அதில் மூன்று மடங்கவில்லை, மணிக்கட்டும் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் படி எதற்கு என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வீட்டில் அவளும் நானும் இருக்கிறோம், அடுப்பு இரண்டு, கிணறு ஒன்று. என் மகன் காரைக்காலில் மாமியார் வீட்டோடு இருக்கிறான், பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள், எல்லோரும் கையேந்துகிற வயதே தவிரக் கொடுக்கிற வயது இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஆலையில் நின்று எனக்கு என்று சேர்ந்த சொத்து அந்தத் தனி அடுப்பு ஒன்றுதான். படி வராவிட்டால் என் அடுப்பில் பூனை படுக்கும், நான் மதலேன் வீட்டுச் சோற்றில் கை நனைக்க வேண்டும். அவள் போடுவாள். போடுவாள் என்பதுதான் எனக்குப் பயம். இத்தனை வருஷத்தில் அவளால் எனக்கு ஒரு துரும்பு உபகாரம் கிடையாது, இனிமேலும் வேண்டாம்.

முதல்நாள் சாயங்காலமே இராமதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்து அங்கே என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தாமல் பேசும். “ஆயா, முடியறத முடியும்னு சொல்லுங்க, முடியாதத முடியாதுன்னு சொல்லுங்க. பொய் வேணாம், பெருமையும் வேணாம்” என்றார். மதலேன் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். என் தலை ஆடினதைத் தம்பி நீ கணக்கில் வைத்துக்கொள், நான் கெட்ட எண்ணத்தோடு அந்த அறைக்குப் போகவில்லை.

போனவுடன் ஒரு புத்தகத்தில் வந்த ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மாவாசை பெருவிரல் வைத்தான். மதலேனும் வைத்தாள், அவள் பள்ளிக்கூடத்து நிழலில்கூட ஒதுங்காதவள். கன்னியாஸ்திரீகளிடம் இரண்டு வருஷம் படித்த நான் அவளுக்குக் கீழே கட்டை விரலை வைப்பதா. பேனாவை வாங்கி, அருளப்பன் விதவை சூசைமேரி என்று முழுவதும் எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு இழுத்து அதன் நுனியில் ஒரு சுழியும் போட்டேன். வலது கையால்தான் போட்டேன், வேறு எந்தக் கையால் போடுவது. துரை குனிந்து பார்த்து “ப்ராவோ மதாம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குக் கலியமூர்த்தி அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் மதலேனைப் பார்த்தேன், அவள் தன் பெருவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். இராமதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் திரும்பினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அம்மாவாசையை முதலில் கூப்பிட்டார்கள். துரை தன் காகிதம் ஒன்றைத் தரையில் போட்டு அதை எடு என்றார். அம்மாவாசைக்கு இடுப்பு குனியாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவன் வீட்டில் செம்புத் தண்ணீரைக்கூட அவன் பெண்சாதி கையில் எடுத்துத் தருகிறாள். அவன் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தான், பிறகு செருப்பில்லாத காலின் விரல்களால் அதைக் கவ்வி, முழங்காலை மடக்கி, பின்பக்கமாகக் காலைத் தூக்கிக் கையில் வாங்கி, மரியாதையோடு துரையிடம் நீட்டினான். துரைக்கு ஒரே ஆச்சரியம். இன்னொரு முறை செய்யச் சொன்னார், பென்சிலைப் போட்டு அதையும் எடுக்கச் சொன்னார். அம்மாவாசைக்கு முடிந்தது என்று சொல்லிவிடுவார், இவன் போனான் என்று நான் நினைத்தேன். ஆனால் துரை சிரித்து முடித்துவிட்டு, ஒரு மனுஷன் காலால் எடுக்கிற நிலைமைக்கு வந்தான் என்றால் முதுகு எவ்வளவு கெட்டிருக்க வேண்டும் என்று சொல்லி முப்பத்திரண்டு எழுதினார். காலால் வித்தை காட்டினவனுக்கு முப்பத்திரண்டு. அதையே நான் கையால் காட்டினேன், எனக்கு என்ன கிடைத்தது என்பதைக் கேள்.

அடுத்தது மதலேனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டு வேலைகளைப் பற்றிக் கேட்டார்கள். அங்கேதான் தம்பி அந்தச் சட்டம் எழுதினவர்களுக்கு மூளை இல்லை. ஓரகத்திகள் இருவரை ஒரே பெஞ்சியில் வைத்து, உன்னால் என்ன முடியாது என்று ஒருத்தியைக் கேட்கலாமா. பாதிரியார்கூடப் பாவசங்கீர்த்தனத்துக்குத் தனித்தனியாகத்தான் கூப்பிடுகிறார். மதலேனைக் கலியமூர்த்தி கேட்டார், தண்ணீர் சேந்த முடியுமா என்று. முடியாது என்றாள். மாவு ஆட்ட முடியுமா. முடியாது. துணி பிழிய முடியுமா. முடியாது. நாக்குக் கூசாமல் மூன்று முடியாது. அவள் இந்தக் குடும்பத்துக்கு வாழவந்த நாளிலிருந்து நான் அவள் எதிரில் ஒரு முடியாது சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு பத்தியம் இருந்த நாளில்கூட அவள் வாசல் கூட்டினால் நான் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

பிறகு என்னைக் கேட்டார்கள். தண்ணீர் சேந்துவேன் என்றேன். மாவு ஆட்டுவேன் என்றேன். துணியைப் பிழிந்தால் அரைமணியில் காய்ந்துவிடும் என்றேன். கேட்காததையும் சொன்னேன், போன மாதம் மாதா பிறந்த திருநாளுக்குப் பன்னிரண்டு பேருக்கு வஞ்சிரமீன் குழம்பு வைத்தேன், மசாலா அம்மியில் என் கையால் அரைத்தது, சாப்பிட்டவர்கள் இன்னும் கையை மோந்து பார்க்கிறார்கள் என்றேன். கலியமூர்த்தி அதையும் பிரெஞ்சில் சொன்னார், துரை அதையும் எழுதிக்கொண்டார். அரைத்தது இடது கையால், அரைத்து முடிக்க அரை நாள் ஆயிற்று, அன்று இராத்திரி தோள்பட்டையை அசைக்க முடியவில்லை என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இராமதாஸ் மட்டும் “ஆயா, நேத்து இன்னா சொன்னேன்” என்று மெல்ல ஆரம்பித்தார். மேஸ்திரி சக்கரபாணி, “அதுக்கு முடியறத அது சொல்லுது, நீ ஏன் நடுவுல பூர்ற” என்று அடக்கிவிட்டான். அந்த மனுஷன் என்னைத் தாங்கிப் பேசுகிறானே என்று எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் கால்சட்டையோடு நூல் சுற்றும் பாபின் பொறுக்க வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், ஒருநாளும் என்னைத் தாங்கிப் பேசியதில்லை.

அதற்கு மேல் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். கையில் அடங்குகிற இரும்பு, அதன் முகத்தில் கடிகாரம் மாதிரி ஒரு முள். அழுத்துகிற பலத்துக்கு முள் ஓடும். மதலேன் அழுத்தினாள், முள் நாலில் நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள், அப்போதும் நாலு. துரை பாவம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். கருவி என் கைக்கு வந்தது. நான் தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், மெதுவாக அழுத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். ஏழு, எட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று மனதில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மதலேன் வாயைத் திறந்தாள்.

“அக்காவால அதெல்லாம் ஆவாதுங்க. பாவம், ரெண்டு வெரலும் இல்ல. வுட்டுடச் சொல்லுங்க தொரைய.”

ஆவாதா. என்னால் ஆவாதா. என் கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள், சோறு வடிக்கத் தெரியாமல் வந்தவள், நான் சொல்லிக்கொடுத்து வடித்தவள், என்னைப் பாவம் என்கிறாள். நான் அழுத்தினேன். வெட்டின இடம் உள்ளே பிளக்கிற மாதிரி வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அது முகத்தில் இறங்காமல் சிரித்துக்கொண்டே அழுத்தினேன். முள் பத்தொன்பதுக்குப் போயிற்று. “இன்னும் வேணுமா?” என்று கேட்டேன். துரை வேண்டாம் என்றார். மேஸ்திரிக்கு ஆசை வந்து அவனும் வாங்கி அழுத்திப் பார்த்தான், இருபத்தொன்று. ஐந்து விரலும் உள்ள ஆண்பிள்ளைக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. அதுதான் நான் கடைசியாகப் பட்ட சந்தோஷம்.

உடனே மேஸ்திரி தன் பையிலிருந்து நூல் பாபின் ஒன்றை எடுத்தான், இதற்கென்றே கொண்டுவந்திருக்கிறான் படுபாவி. அறுந்த நூலை முடிந்து காட்டட்டும், அவர்களுடைய வேலையே அதுதானே என்றான். மதலேன் மூன்று தடவை பாபினைக் கீழே போட்டாள். எனக்கு ஒரு முடிச்சு போதும் என்றார்கள். நான் ஏழு முடிச்சுப் போட்டேன். பெருவிரலாலும் பல்லாலும் முடிகிற ஒரு வழியை இந்தப் பதினொரு மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன், எந்த நாளைக்கு என்று தெரியாமல் வைத்திருந்தேன், அன்றைக்குப் பயன்பட்டது. “ஆயா கை ஆயா கைதான். திங்கக்கெழமயே வேலைக்கு வந்துடலாம் போலக்கீது” என்றான் சக்கரபாணி. அப்போதுதான் முந்தின நாள் இராமதாஸ் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

துரை எழுதி முடித்துக் கலியமூர்த்தியிடம் கொடுத்தார். அவர் நின்றபடி வாசித்தார். அம்மாவாசைக்கு முப்பத்திரண்டு. மதலேனுக்கு முப்பத்தெட்டு. சூசைமேரிக்குப் பதினாலு.

நான் எழுந்து நின்று கேட்டேன், ஐயா, எனக்கு விரலே இல்லை, அவளுக்கு விரல் இருக்கிறது, இல்லாத விரலுக்குப் பதினாலு, இருக்கிற விரலுக்கு முப்பத்தெட்டா, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். கலியமூர்த்தி பொறுமையாகச் சொன்னார். துரையிடம் ஒரு புத்தகம் இருக்கிறதாம், அதில் எந்த விரல் போனால் எத்தனை, எந்த மூட்டு மடங்காவிட்டால் எத்தனை என்று அச்சடித்திருக்கிறதாம். அதில் என் இரண்டு விரலும் கடைசி விரல்கள், விலை குறைந்தவை. அதற்குமேல் டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கிற பங்கு ஒன்று உண்டு, அது ஆள் எதையெல்லாம் செய்ய முடியாமல் போனாள் என்பதைப் பார்த்துச் சேர்ப்பது. “வெரல் போனதுக்கு இல்ல ஆயா, வேல போனதுக்குத்தான் இது. ஒங்களுக்கு வேல போவலியே, தொரை எத வச்சிச் சேப்பாரு?” என்றார். என் கை முன்போலவே இருக்கிறது என்று என் வாயால் சொல்லி, என் கையால் எழுதி, என் கையால் அழுத்தி, என் பல்லால் முடிந்து காட்டினேன் அல்லவா. அதற்கு அவர்கள் போட்ட விலை பதினாலு.

வெளியே வந்தால் மதலேன் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டி ஒன்றைக் கூப்பிட்டு வைத்து, அக்கா ஏறு என்கிறாள். நான் நடந்தே வந்தேன். அவளும் வண்டியில் ஏறாமல் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள், வண்டிக்காரன் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னால் திட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தான். ஊரே பார்த்தது. மறுநாளே தெரு முழுக்க முப்பத்தெட்டு தெரிந்துவிட்டது. அவளைப் பார்க்க வருகிறார்கள், கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஐயோ மதலேன் அக்கா என்கிறார்கள். ஒருத்தி முட்டை கொடுத்துவிட்டுப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இவள் முழந்தாளிடக் கஷ்டப்படுவாள் என்று முன் பெஞ்சியில் இடம் விடுகிறார்கள், முழந்தாளுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால், ஆயாவுக்கு என்ன, இரும்பு, என்கிறார்கள். இரும்பு என்றால் துருப்பிடிக்காதா. நீ சைகோனுக்குக் கப்பல் ஏறின அன்றைக்கு நான் போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைக் கரையில் விட்டுவிட்டு, அவள் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகில் ஏறினாயே, அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் இருந்தது. அது 1919, தவக்காலத்து மூன்றாம் வாரம். நீ மறந்திருப்பாய்.

இப்போது நீ செய்ய வேண்டியது. தீர்ப்பு பிடிக்காதவர்கள் நாற்பது நாளுக்குள் மேலே மனு கொடுக்கலாம் என்று இராமதாஸ் சொல்லுகிறார். மனு பிரெஞ்சில் இருக்க வேண்டும், அழுத்தமான பிரெஞ்சில் இருக்க வேண்டும். இங்கே எழுதித் தருகிறவர்களுக்கு என் கதையைச் சொன்னால் அது மதலேன் காதுக்குப் போகும். ஆகையால் நீயே எழுதி அடுத்த கப்பலில் அனுப்பு. என் கை அன்று ஒரு நாள் மட்டும் நன்றாக இருந்தது என்று எழுது, பருவநிலை காரணம் என்று எழுது. கிணற்றுக் கயிறு கையில் நிற்பதில்லை, சோற்றுப் பானையை இறக்க முந்தானையால் அணைத்து இறக்குகிறேன், குளிர்ந்த தண்ணீர் பட்டால் இல்லாத விரல் இரண்டும் வலிக்கிறது என்று எழுது. இல்லாதது எப்படி வலிக்கும் என்று அவர்கள் கேட்டால், அதை நான் எப்படி அறிவேன், வலிக்கிறது. எனக்குப் பொறாமை என்று மாத்திரம் எழுதாதே, அது உண்மையும் அல்ல. நூற்றுக்கு எவ்வளவு கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். இருபத்தாறு வந்தால் எனக்குச் சோறு கிடைக்கும். ஆனாலும் நீ முப்பத்தொன்பது என்று கேள்.

இந்தக் கடிதத்தை மனுவோடு சேர்த்து அனுப்பிவிடாதே. இது பத்துப் பக்கம், எல்லாம் வலது கையால் எழுதினது.

உன் பெண்சாதிக்கு என் ஆசீர்வாதம், அவள் எனக்கு நாலு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை என்றாலும் ஆசீர்வாதம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒவ்வொரு சிலுவை போடு, மூத்தவனுக்கு இரண்டு போடு. சர்வேசுரன் உங்கள் கைகால்களை முழுசாக வைத்திருக்கட்டும். அப்படி ஏதாவது போக நேர்ந்தால், அளக்கிறவன் எதிரில் அழக்கூடிய மனதையும் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு உன் அக்காள்,
சூசைமேரி

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி. மனு எழுத வேண்டாம். மேலே உள்ளதைப் படித்ததும் எழுத ஆரம்பித்திருந்தால் கிழித்துப் போடு.

இன்று காலை தீர்ப்புக் காகிதத்தில் ஒப்புக்கொண்டதாகவோ ஒப்பவில்லை என்றோ எழுதிக் கொடுக்க எங்களை மறுபடி கூப்பிட்டார்கள். துரை இருந்தார், மேஸ்திரியும் இருந்தான், அறை வாசலில் முறைக்குக் காத்திருந்த ஆண்கள் எட்டுப் பேர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒப்பவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற மதலேன் என் கொண்டையில் கை வைத்து ஊசியை உருவிவிட்டாள். தலைமயிர் முழுவதும் அவிழ்ந்து தோளில் விழுந்தது. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குத்தான் என் தலைமயிர் அந்நிய ஆண்கள் முன்னால் அவிழ்ந்திருக்கிறது. நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்.

“அக்கா, இத ஒன் கையால முடிஞ்சிக் காட்டு. முடிஞ்சிட்டா பதினாலே இருக்கட்டும்.”

முடிந்து காட்டலாம் என்றுதான் தம்பி கையைத் தூக்கினேன். வலது கை தலைக்குப் பின்னால் போயிற்று, மயிரை வாரிப் பிடித்தது, பிடித்தது நழுவிற்று. மறுபடி வாரினேன். கடைசி இரண்டு விரல் இல்லாத கையில் கொண்டை நிற்காது, அதற்குப் பல்லும் உதவாது. ஐந்தாறு தடவை முயன்றேன். மேஸ்திரிகூடத் தரையைப் பார்த்தான். துரை கலியமூர்த்தியிடம் என்னவோ கேட்க, அவர் மதலேனிடம், அப்படியானால் தினமும் யார் முடிந்துவிடுகிறார்கள் என்று கேட்டார். நாந்தான் என்றாள். இந்தப் பதினொரு மாதமும், என்றாள். அவளுக்கு அடிபட்ட பிறகு அவளால் தனியாக முடியவில்லை, அதனால் அவள் வலது கையும் என் இடது கையும் சேர்ந்துதான் விடிந்ததும் என் கொண்டையைப் போடுகின்றன, அதேபோல அவள் கொண்டையையும், என்று எல்லாவற்றையும் அந்த ஆண்கள் எல்லோரும் கேட்க ஒப்பித்தாள். பிறகு துரையின் கண் எதிரிலேயே எனக்குப் பின்னால் வந்து நின்று, “கையக் குடு அக்கா” என்றாள். நான் இடது கையைக் கொடுத்தேன். கொடுக்காமல் அந்தக் கோலத்தில் நெல்லித்தோப்பு வரைக்கும் எப்படி வருவது. இரண்டு பேரும் சேர்ந்து முடிந்தோம்.

துரை என் பேருக்கு எதிரில் இருந்த பதினாலை அடித்துவிட்டு முப்பத்தொன்று எழுதினார். உயிரோடு இருக்கும் வரை படி வரும். என் அடுப்பு எரியும். அவளால் எனக்கு ஒரு துரும்பு உபகாரம் கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடிக்கப் பார்த்தேன், மை தீரப்போகிறது, நீயே அடித்துக்கொள். துரை மேல் எனக்கு இனி வருத்தம் இல்லை, அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார். மேஸ்திரியை மன்னித்தேன், அவன் ஆலையின் சோற்றைத் தின்கிறவன். உன் ஊறுகாயைக்கூட இன்றோடு விட்டுவிடுகிறேன். ஆனால் இத்தனை ஆண்கள் முன்னால் என் தலையை அவிழ்த்து, என்னால் முடியாது என்பதை எனக்கே காட்டி, என்னை முப்பத்தொன்றுக்கு ஏற்றிவிட்டு, தான் மட்டும் இன்னும் முப்பத்தெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாளே, நாளைக் காலையிலும் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து கையைக் குடு அக்கா என்பாளே, அவளை மட்டும் நான் சாகிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன், மதலேனை.